கிரிம்ஸ்பி ஆட்டத்திற்குப் பிறகு எங்கள் புலனக் குழுவை விட்டு வெளியேறிய யுனைடெட் அண்ணன்: நாங்கள் எங்கே எல்லை மீறினோம்?

செந்தூல் லிவர்புல் ரசிகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் எங்கள் தாமானைச் சேர்ந்த பதினெட்டுப் பேர் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறோம். ஏறக்குறைய பாதிப் பேர் லிவர்புல், மற்றவர்கள் மென்செஸ்டர் யுனைடெட். வார இறுதிகளில் மாமாக் கடைத் திரைக்கு முன் ஒரே மேசையில் அமர்ந்துதான் ஆட்டம் பார்ப்போம். எங்களுள் மூத்தவர், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அண்ணன், தீவிர யுனைடெட் ரசிகர். சிறு வயதில் பள்ளித் திடலில் எங்களுக்குப் பந்தை நிறுத்தி உதைக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

2025 ஆகஸ்டு 28 அதிகாலையில், நான்காம் பிரிவில் ஆடிய கிரிம்ஸ்பி டவுனிடம் தோற்று, யுனைடெட் லீக் கிண்ணப் போட்டியிலிருந்து வெளியேறியது. முழு ஆட்டம் 2-2, பெனால்டியில் 12-11. ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே யுனைடெட்டின் அப்போதைய நிர்வாகி ரூபன் அமோரிம் வியூகப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்திக் கொண்டிருந்த படம் உலகம் முழுவதும் பரவியது. அந்தப் படத்தில் அண்ணனின் முகத்தை ஒட்டி, நான்தான் முதலில் குழுவில் போட்டேன். விடியும் முன் எண்பதுக்கும் மேற்பட்ட கேலிப் படங்கள் வந்து குவிந்தன: பலகை, கிரிம்ஸ்பியின் மீன் சின்னம், ஆகாய விமானம், கடந்த பருவத்தின் பட்டியலில் பதினைந்தாம் இடம் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு அண்ணன் ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினார். மெர்டேக்கா வார இறுதியில் கடைக்கும் வரவில்லை.

பல்லாண்டுகளாக இருபுறமும் கேலி செய்துதான் பழகியிருக்கிறோம். லிவர்புல் தோற்ற இரவுகளில் அவரும் எங்களை விட்டதில்லை. அப்படியிருக்க, இம்முறை மட்டும் அவர் மனம் உடைந்தது ஏன்? அவருடைய முகத்தை ஒட்டியதுதான் தவறா? நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

கெப்போங் பார்வையாளன்

நான் எந்தக் குழுவுக்கும் ரசிகன் அல்லன். ஆட்டத்தை மட்டும் பார்ப்பவன். அமோரிமின் யுனைடெட் கேலிக்கு உள்ளானது நியாயம் என்பதே என் கருத்து. 2024 நவம்பரில் அவர் பொறுப்பேற்றதிலிருந்து அந்தப் பருவம் முடியும் வரை பிரிமியர் லீக்கில் 27 ஆட்டங்கள். அவற்றுள் வென்றது ஏழு, தோற்றது பதினான்கு. 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்தார்கள். 1973-74 பருவத்தில் முதல் பிரிவிலிருந்து இறங்கியதற்குப் பிறகு அவர்கள் கண்ட மிக மோசமான நிலை அது. டோட்டன்ஹாமிடம் ஒரே பருவத்தில் நான்கு முறை தோற்றார்கள். அவற்றுள் ஒன்று பில்பாவில் நடந்த ஐரோப்பா லீக் இறுதியாட்டம். அந்த டோட்டன்ஹாமோ லீக்கில் 17ஆம் இடத்தில் இருந்த குழு.

காரணமும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததே. ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் இருமுறை லீக் பட்டம் வென்று கொடுத்த அதே 3-4-3 வியூகத்தை (தற்காப்பில் மூவர், நடுவில் இருவரும் பக்கவாட்டில் இருவரும், முன்னால் மூவர்), அதற்கேற்ற ஆள்கள் இல்லாத குழுவின் மீது அவர் திணித்தார். நடுத்திடலில் இருவர் மட்டுமே நிற்க, எதிரணி மூவரை நிறுத்தினால் பந்து எப்போதும் எதிரணியின் காலில்தான் இருக்கும். இருபுறமும் ஓட வேண்டிய பக்கவாட்டு ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கிப் பின்னுக்கு இறங்கியதும், அது ஐந்து பேர் கொண்ட தற்காப்பாகச் சுருங்கி விடுகிறது. 2025இல் இரண்டு பருவங்களுக்கு இடையே குன்யா, எம்பேமோ, செஸ்கோ ஆகிய தாக்குதல் ஆட்டக்காரர்களுக்காக இருபது கோடி பவுண்டுக்கும் மேல் செலவழித்தும் கிரிம்ஸ்பியில் முற்பாதி முடிவதற்குள் இரண்டு கோல்கள் வாங்கினார்கள் என்றால், அந்தப் பலகையைக் கேலி செய்யாமல் வேறு எதைச் செய்வது? நிர்வாகியின் முடிவைச் சாடுவது காற்பந்தின் ஒரு பகுதி. மன்னிப்புத் தேவையில்லை, தம்பி. இரண்டு வாரத்தில் அவரே திரும்பி வருவார்.

பட்டர்வொர்த் யுனைடெட்

கெப்போங் நண்பர் சொன்ன ஒவ்வோர் எண்ணையும், யுனைடெட் ரசிகனாகிய நான், ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜனவரியில் பிரைட்டனிடம் தோற்றபோது, யுனைடெட் வரலாற்றிலேயே மோசமான குழு ஒருவேளை இதுதான் என்று அமோரிமே சொன்னார். ஆட்டத்தைப் பற்றி நீங்கள் செய்யும் எந்தக் கேலியும் அவர் சொன்னதைத் தாண்டப் போவதில்லை. அதே ஆண்டு மே மாதம் புக்கிட் ஜாலிலில் ஆசியான் நட்சத்திரக் குழுவிடம் 1-0 என்று தோற்ற இரவில் நானும் அந்த அரங்கில் இருந்தேன். பினாங்கிலிருந்து பேருந்தில் வந்தவன். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் ஊளையிட்டது. நானும் ஊளையிட்டேன். மறுநாள், தங்கும் விடுதிக்கு வெளியே, தன் தாயை ஒருவர் இழிவாகப் பேசினார் என்று யுனைடெட் ஆட்டக்காரர் அமாட் டியாலோ கையால் கொச்சையாகச் சைகை காட்டினார். அந்தச் சைகையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், தோல்விக்காக ஊளையிட்ட நானும், பிள்ளையின் காது கேட்கத் தாயை ஏசிய அந்த மனிதரும் செய்தது ஒன்றல்ல என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

நீங்கள் எழுதியதை மறுமுறை படித்துப் பாருங்கள். பலகைக்கும் மீனுக்கும் நடுவே "ஆகாய விமானம்" என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன விமானம்? கிரிம்ஸ்பி ஆட்டத்திற்கும் விமானத்திற்கும் என்ன தொடர்பு? எனக்குத் தெரிந்து யுனைடெட் ரசிகனுக்கு விமானப் படம் அனுப்புவதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு.

1958 பிப்ரவரி 6ஆம் நாள், பெல்கிரேடில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பிய குழுவின் விமானம், எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. பனிக்குழம்பு படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்றபோது விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தார்கள். அவர்களுள் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒருவரான டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையில் போராடி 21 வயதில் உயிர்விட்டார். என் அப்பா பிரையில் துறைமுகத் தொழிலாளியாக இருந்தவர். யுனைடெட்டின் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எட்வர்ட்ஸ் கதையை எங்கள் வீட்டில் ஒரு பெரியப்பாவின் மரணத்தைப் போலத்தான் சொல்லுவார். ஐம்பதைக் கடந்த உங்கள் அண்ணனும் அப்படி ஒருவரிடமிருந்துதான் இந்தக் குழுவைப் பெற்றிருப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் மூத்தவன்

தம்பி, நான் நாற்பதாண்டுகளாக லிவர்புல் ரசிகன். கெப்போங் நண்பர் முன்வைத்த கணக்கும் பட்டர்வொர்த் நண்பர் சொன்ன வலியும் எனக்குச் சொந்த அனுபவம் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

நீங்கள் இன்று சிரிக்கும் இந்த ஆட்டம் நமக்கும் நடந்திருக்கிறது. 2010 செப்டம்பரில், ராய் ஹாட்ஜ்சன் நிர்வாகியாக இருந்தபோது, நான்காம் பிரிவுக் குழுவான நார்த்தாம்டனிடம், அதுவும் ஆன்ஃபீல்டில், அதே லீக் கிண்ணத்தில், அதே 2-2 என்ற நிலைக்குப் பின் பெனால்டியில் தோற்றோம். அடுத்த மாதம் பட்டியலில் இறங்கு வரிசைக்குள் கிடந்தோம். ஹாட்ஜ்சனை விலக்கி விடாதீர்கள் என்று யுனைடெட் நண்பர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சுவார்கள். அந்தப் பருவம் முடிந்தபோது அவர்கள் 19ஆவது லீக் பட்டத்தை வென்று நம்முடைய பதினெட்டைத் தாண்டிச் சென்றார்கள். நாம் இருபதைத் தொட்டு அவர்களோடு சமமானது 2025 ஏப்ரலில்தான். இத்தனை ஆண்டுக் கேலியில் ஒரு நாளும் நான் மேசையை விட்டு எழுந்ததில்லை.

ஒரே ஒரு முறை எழுந்தேன். 1989 ஏப்ரல் 15ஆம் நாள் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கிய நம் ரசிகர்களைப் பற்றி ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு வரி பாடினார். இன்று 97 என்று எண்ணப்படும் அந்த உயிர்களுள் மிகச் சிறியவன் பத்து வயதுச் சிறுவன். நான் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தே தாரிக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டிற்கு நடந்தேன். ஆறு மாதம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. உங்கள் அண்ணன் ஒரு சொல்லும் எழுதாமல் போனார் என்று படித்தவுடன் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. பலகைக்காகக் கோபப்பட்டிருந்தால் அவர் திருப்பி எழுதியிருப்பார். அவருக்கா ஹாட்ஜ்சன் பெயர் தெரியாது?

2023 மார்ச்சில் ஆன்ஃபீல்டில் இரு குழுக்களும் மோதுவதற்கு முன், நம்முடைய அப்போதைய நிர்வாகி கிளோப்பும் யுனைடெட்டின் அப்போதைய நிர்வாகி டென் ஹாக்கும் சேர்ந்து, இந்தத் துயரங்களைப் பாட்டாக்குவதை நிறுத்துங்கள் என்று இரு தரப்பு ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில்தான் நாம் 7-0 என்று வென்றோம். அந்த ஏழு கோல்களை இன்னும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் சொல்லிக் காட்டுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து சொல்வேன். மியூனிக் விபத்தில் சாகும் நிலைக்குப் போய் மீண்ட நிர்வாகி மேட் பஸ்பி, அதற்கு முன் லிவர்புல்லின் சிவப்புச் சட்டை அணிந்து ஆடியவர், நமக்கும் தலைவராக இருந்தவர். அந்த விமானத்தைப் பார்த்துச் சிரிக்கும் லிவர்புல் ரசிகனுக்குத் தன் குழுவின் வரலாறும் தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கெப்போங் பார்வையாளன்

விமானத்தை நான் கவனிக்கவில்லை. பலகையைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. மன்னிப்புத் தேவையில்லை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

செந்தூல் லிவர்புல் ரசிகன்

இப்போதுதான் குழுவில் மேலே சென்று பார்த்தேன். விமானப் படத்தை அனுப்பியவன் இருபது வயதுத் தம்பி ஒருவன். கேட்டதற்கு, இணையத்தில் கிடைத்தது, யுனைடெட் நிர்வாகியை ஊருக்கு அனுப்பும் விமானம் என்று நினைத்தேன் என்கிறான். அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எனக்கு மியூனிக் தெரியும். அந்தப் படத்திற்குக் கீழே முதலாவதாகச் சிரிப்புக் குறி இட்டிருப்பது என் பெயர். காலை 5.40க்கு இட்டிருக்கிறேன். எண்பது படங்களுள் ஒன்றாக, பார்க்காமலேயே விரல் அழுத்தியிருக்கிறது; அண்ணன் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

நான் இட்ட குறியை நீக்கிவிட்டேன். படத்தை நீக்கும்படி அந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பப் போவதில்லை. இன்று மாலை வேலை முடிந்ததும் அந்தத் தம்பியையும் அழைத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். மியூனிக்கைப் பற்றி அவனுக்கு நான் சொல்வதைவிட அண்ணன் சொல்லிக் கேட்பதுதான் சரியாக இருக்கும். அவர் கதவைத் திறந்தால்.