தீவில் நிலம் வாங்கித் தியான இல்லம் கட்ட ஆசை: முன்பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மௌனக்கரை:
வணக்கம். நானும் மனைவியும் பல வருடங்களாக மனதில் வைத்திருக்கும் ஆசை இது. ஒரு சின்னத் தீவு, பத்துப் பன்னிரண்டு குடில்கள், ஒரே நேரத்தில் இருபது விருந்தினர்களுக்கு மேல் வேண்டாம். தியானம், வாசிப்பு, மௌனம், அவ்வளவுதான். இப்போது ஒரு தரகர் மூன்று இடங்கள் காட்டியிருக்கிறார். இரண்டு முழுத் தீவுகள். மூன்றாவது, மக்கள் வாழும் ஒரு தீவின் கோடியில் இருக்கும் நிலம். படங்கள் எல்லாம் ட்ரோனில் எடுத்தவை, பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை. கிணறு இருக்கிறது, நல்ல தண்ணீர், முழு உரிமையோடு கிரயம் என்கிறார். இந்த மாதமே முன்பணம் கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரைக்கணக்கு:
முதலில் அந்த 'முழு உரிமை' என்ற சொல்லைப் பிடியுங்கள். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. மாலத்தீவில் ரிசார்ட் தீவுகள் அரசிடமிருந்து குத்தகைக்குத்தான் கிடைக்கும். ஃபிஜியில் 80 சதவீதத்துக்கும் மேலான நிலம் பூர்வகுடிக் குழுக்களின் கூட்டுச் சொத்து, அதை விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்கவே அரசியல் சாசனம் இடம் தரவில்லை. இந்தோனேசியாவிலும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால், சரி என்று தலையாட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, தீவை வாங்கினாலும் பல நாடுகளில் ஓத நீர் தொடும் கோடு வரைக்கும் கடற்கரை அரசுடையது. கட்ட அனுமதி தனி. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவில் எழுந்த ரிசார்ட்டைக் கடலோர விதி மீறலுக்காக இடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டி முடித்த கட்டடங்கள்தான் அவை. உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை வையுங்கள். தரகர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

உப்புக்காற்று:
நான் ஒரு தீவு விடுதியில் ஒன்பது வருடம் தண்ணீர், மின்சாரம், படகுத்துறை எல்லாம் பார்த்துக்கொண்டவன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது ஒரே வரி: "கிணறு இருக்கிறது, நல்ல தண்ணீர்."

எங்கள் தீவிலும் கிணறு இருந்தது. இனிப்பான தண்ணீர். நாங்கள் வருவதற்கு முன் அங்கே காவலுக்கு இருந்த குடும்பம் வாளியால் இறைத்துக் குடித்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் முதலாளி நிலத்தை வாங்கினார். நாங்கள் மோட்டார் வைத்தோம். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கோடையில் சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் நடைபாதை ஓரத்துச் செம்பருத்தியில் இலை விளிம்பு மட்டும் பழுப்பாகிச் சுருண்டது, தீ நாக்கு தொட்ட காகிதம்போல. நான் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்தேன். இரண்டு வாரம் கழித்துக் கிணற்று நீரை வாயில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது.

சின்னத் தீவில் நல்ல தண்ணீர் என்பது, மண்ணுக்கடியில் கடல் நீரின் மேல் மிதக்கும் மழைநீர். கடல் நீரின் அடர்த்தி கொஞ்சம் கூடுதல், நல்ல நீரை 1 என்று வைத்தால் சுமார் 1.025. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் இறங்கியிருக்கும் என்பது பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு 4 மீட்டர் ஏறப் பார்க்கும். வாளிக்கு ஈடுகொடுத்த கிணறு மோட்டாருக்கு ஈடுகொடுக்காது. நாங்கள் மோட்டாரைக் கழற்றிவிட்டோம். அந்த நீர் பழைய நிலைக்கு வர இரண்டு மழைக்காலம் ஆனது.

உங்கள் கணக்கைப் போடுவோம். இருபது விருந்தினர் என்றால் வேலையாட்களும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருப்பார்கள். நாற்பது பேர், ஆளுக்கு 250 லிட்டர், நாளுக்கு 10,000 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் முழுதாகப் பிடித்தாலும் 1,000 லிட்டர்தான். மீதியைக் கடல் நீரிலிருந்து சுத்திகரிக்க வேண்டும். நல்ல பெரிய நிலையத்துக்கே 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் ஆகும். சின்ன இயந்திரங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இழுக்கும். வெளியேறும் அடர் உப்பு நீரைப் பவளப்பாறை மேல் விடக்கூடாது, அதற்கும் இடம் யோசித்துவையுங்கள்.

ட்ரோன் படத்தைப் பற்றி ஒன்று. அது ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில், காற்றில்லாத மாதத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். நீர் வற்றும்போது போய்ப் பாருங்கள். எங்கள் துறைக்கு முன்னால் முந்நூறு அடிக்குப் பாறை வெளியே தெரியும். சிமெண்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் அதன் மேல் நடந்து வருவார்கள், ஒருவருக்குக் கால் கிழிந்தே போயிற்று. கரையைச் சுற்றி நடங்கள். ஒரு பக்கம் மரங்கள் வேர் வெளியே தெரியச் சாய்ந்திருந்தால் கடல் அந்தப் பக்கம் தின்கிறது என்று பொருள். எதிர்ப்பக்கம் இளஞ்செடிகளாக இருந்தால் மணல் அங்கே போய்ச் சேருகிறது. பத்திரத்தில் உள்ள பரப்பும் இன்றைக்கு நிற்கும் தரையும் ஒன்றாக இருக்காது.

புயலும் உண்டு. பிரிட்டன் கோடீஸ்வரர் ரிச்சர்ட் பிரான்சன் 1970-களின் கடைசியில் வாங்கிய, கரீபியன் கடலில் இருக்கும் நெக்கர் தீவில் 2011-ல் புயலின்போது இடி விழுந்து பெரிய வீடு எரிந்தது. 2017-ல் இர்மா புயல் வந்து மறுபடி அடித்தது. அவருக்குத் திரும்பக் கட்ட வசதி இருந்தது. காப்பீடு கிடைக்குமா என்று கிரயத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

மௌனக்கரை:
மிக்க நன்றி. இன்று தரகரிடம் படங்கள் எந்த மாதம் எடுத்தவை என்று கேட்டேன், பதில் வரவில்லை. முன்பணத்தை நிறுத்திவிட்டேன். மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறாள்: மூன்றாவது இடத்தில் பக்கத்தில் ஊர் இருப்பதால் அமைதி போய்விடும் என்று நான் முதலிலேயே தள்ளிவைத்தேன். அது தவறா?

உப்புக்காற்று:
எனக்கு அந்த மூன்றில் பிடித்ததே அதுதான். எங்கள் சமையல்காரருக்கு ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் படகோட்டி கரைக்குப் போயிருந்தார். பக்கத்துத் தீவு மீனவர்கள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வந்துதான் அவரைக் கொண்டுபோனார்கள். ஊர் இருந்தால் ஆள், படகு, வேலைக்குக் கை, கடலின் போக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இருப்பார்கள். விருந்தினருக்கு வேண்டிய மௌனத்துக்கு நடுவில் ஒரு தோப்பு போதும்.

காற்றுக் காலத்தில் போய் அங்கேயே பத்து நாள் ஒரு வீட்டில் தங்குங்கள். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும், கடத்துத்திறன் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று கொண்டுபோய், கிணற்றை ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் தினமும் அளந்து எழுதிவையுங்கள். அந்த ஊர்ப் பெண்களிடம் கோடைக் கடைசியில் எங்கே தண்ணீர் எடுப்பார்கள் என்று உங்கள் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த எண்களை இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.