புரூனியின் ஃபிளாரன்ஸ் புகழுரை: கிரேக்கம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மறுமலர்ச்சிக்கால இத்தாலிய அறிஞர் லியொனார்தோ புரூனி 1404 வாக்கில் லத்தீனில் எழுதிய ஃபிளாரன்ஸ் புகழுரையை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பேச்சாளர் ஏலியஸ் அரிஸ்டைடிஸ் ஏதென்ஸைப் புகழ்ந்த கிரேக்க உரையோடு பத்தி பத்தியாக ஒப்பிட்டு வருகிறேன். அதுவே முன்மாதிரி என்று புரூனியே பின்னாளில் கடிதத்தில் சொல்லிவிட்டார். எதுவரை பின்பற்றினார் என்பதுதான் சிக்கல்.

கேடயத்தின் வளையங்கள் போல ஒன்றுக்குள் ஒன்றாக இடங்களை அடுக்கும் கேடய உவமை அப்படியே பொருந்துகிறது. அரிஸ்டைடிஸிடம் உலகின் நடுவே கிரீஸ், அதன் நடுவே அட்டிகா, அதன் நடுவே ஏதென்ஸ். புரூனியிடம் நடுக்குமிழாக நகரம். சுற்றிலும் மதில், புறநகர், நாட்டுப்புற மாளிகைகள், சிற்றூர்கள். எவ்வளவு அழகான கடன்!

நாடு கடத்தப்பட்டோருக்கு அடைக்கலம் தரும் நகரம் என்ற பகுதியில்தான் குழப்பம். அந்தக் கருத்து அரிஸ்டைடிஸுக்கு முந்தைய ஏதென்ஸ் பேச்சாளர் இசோக்ரடீஸிடமும் உண்டு. கருத்து ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறிவிடும். அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’கூட 13ஆம் நூற்றாண்டிலேயே மூர்பெக்கெ வில்லியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் கிடைத்தது, அதை மேற்கோள் காட்ட கிரேக்கம் தேவையில்லை. 1397இல் பைசாந்திய அறிஞர் கிரைசொலோராஸ் ஃபிளாரன்ஸில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கிய பிறகும் இந்த எச்சரிக்கை வேண்டும். அதனால் உவமை, சொல்தேர்வு, வாதங்களின் வரிசை மூன்றும் சேர்ந்து ஒத்தால்தான் நேரடிக் கடன் என்று குறிக்கிறேன்.

அடைக்கலப் பகுதியின் கிரேக்க வினைச்சொற்களையும் வாதவரிசையையும் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? பக்க எண் வேண்டாம், பத்தி எண் தாருங்கள். எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம்: அரிஸ்டைடிஸின் இதே உரை டின்டார்ஃப் பதிப்பில் 13ஆம் உரை, லென்ஸ்-பேர் பதிப்பில் 1ஆம் உரை.