1988 சேப்பாக்கம்: ஜெயிச்சது ஹிர்வானியா, பிட்ச்சா?

திண்ணைக்காரன்:
1988 ஜனவரி, மெட்ராஸ் சேப்பாக்கம் டெஸ்ட். நம்ம லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானி, அறிமுக டெஸ்ட், 136 ரன்னுக்கு 16 விக்கெட். மேற்கிந்தியத் தீவுகள் 255 ரன் வித்தியாசத்துல காலி. பொங்கல் வந்தா யாராவது ஒருத்தர் இந்த ஸ்கோர்கார்டைத் தூக்கிட்டு வந்துடுறாங்க. சந்தோஷம்தான், ஆனா கொஞ்சம் நேர்மையா பேசுவோமே. அந்தத் தொடரோட ஆரம்பத்துல டில்லியில முதல் இன்னிங்ஸ்ல 75-க்குச் சுருண்டு அந்த டெஸ்ட்டைத் தோத்தோம். பம்பாய், கல்கத்தா டிரா. கடைசி டெஸ்ட் மெட்ராஸ். அங்க டிரா ஆனாலும் தொடர் போச்சு. அந்த நிலைமையில பந்து கண்டபடி திரும்புற ஒரு அரைகுறை பிட்ச்சைப் போட்டு வெச்சாங்க. நான் இட்டுக்கட்டலை, அப்பவே எழுதப்பட்ட விமர்சனம்தான். 16 விக்கெட்ல பாதியை பிட்ச் போட்ட கிரவுண்ட்ஸ்மேன் கணக்குல எழுதணும்.

தேர்டுமேன்:
பாதியா? சரி, மீதிப் பேர் எத்தனை எடுத்தாங்கன்னு பாத்தீங்களா? விழுந்தது 20. ஹிர்வானிக்கு 16 போக மிச்சம் 4. அதே பிட்ச்லதான் நம்ம மத்த ஸ்பின்னர்கள் அர்ஷத் அயூப் போட்டார், ரவி சாஸ்திரி போட்டார். எதிரணியில கிளைட் பட்ஸ்னு ஒரு ஆஃப் ஸ்பின்னரும் இருந்தார். மண்ணு பொதுதானே? அவங்களுக்கெல்லாம் ஏன் அள்ளிக் கொடுக்கலை?

திண்ணைக்காரன்:
பட்ஸ் தன் வாழ்நாள்ல எடுத்ததே 7 டெஸ்ட்ல 10 விக்கெட். அவரை வெச்சு பிட்ச்சை அளக்காதீங்க சார். சாஸ்திரி ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்கிறவர், பெரிசா திருப்புற ஆள் கிடையாது. பந்தை நல்லா சுத்திவிடுற லெக் ஸ்பின்னர் அங்க ஒருத்தர்தான் இருந்தார்.

தேர்டுமேன்:
அப்ப அவர்கிட்ட திறமை இருந்ததுன்னு நீங்களே சொல்லிட்டீங்க :) அப்புறம் இன்னொண்ணு. ஆடவே முடியாத பிட்ச்னா முதல் இன்னிங்ஸ்ல நமக்கு 382 எங்கேர்ந்து வந்தது? கபில் 109, அருண் லால் 69.

கரீபியன் கண்ணாடி:
முதல்ல பேட் பண்ணினா வரும் பாஸ். மேட்ச் போகப் போக என்ன ஆச்சு பாருங்க. நாம 382, அவங்க 184, நாம 217/8 டிக்ளேர், அவங்க 160. ஒவ்வொரு அணிக்கும் ரெண்டாவது தடவை குறைஞ்சிருக்கு. கடைசியில 416 அடிக்கச் சொன்னா எவன் அடிப்பான்? கஸ் லோகி 67 அடிச்சதே பெரிய விஷயம்.
இன்னொரு வேடிக்கை. முதல் இன்னிங்ஸ் வித்தியாசம் 198. ஃபாலோ ஆனுக்கு, அதாவது அவங்களையே உடனே மறுபடி பேட் பண்ணச் சொல்றதுக்கு, 200 வேணும். 182-ல முடிஞ்சிருந்தா ஃபாலோ ஆன், அவங்க 184 எடுத்துட்டாங்க. தப்பிச்சோம்னு நினைச்சிருப்பாங்க. உண்மையில அங்கதான் மாட்டினாங்க. நாம மறுபடி பேட் பண்ணி, ஹிர்வானி விரலுக்கு ஓய்வு கொடுத்து, இன்னும் நொறுங்கின தரையில அவங்களை இறக்கிவிட்டோம்.

பட்டாபிராமன் கேட்:
தம்பிகளா, நான் அந்த மேட்சை கேலரியில உக்காந்து பாத்தவன். பிட்ச் திரும்புச்சு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ரெண்டாவது இன்னிங்ஸ்ல என்ன நடந்ததுன்னு நீங்க யாரும் தொடவே இல்லை. நம்ம விக்கெட் கீப்பர் கிரண் மோரே அஞ்சு ஸ்டம்பிங். ஒரே இன்னிங்ஸ்ல அஞ்சு, மேட்ச்ல ஆறு. ரெண்டுமே உலக சாதனை. அதிகம் போனா ரெண்டு ஸ்டம்பிங்தான் மத்தவங்க பந்துல இருக்க முடியும், ஏன்னா அந்த இன்னிங்ஸ்ல 8 பேர் ஹிர்வானி கணக்கு.
ஸ்டம்பிங் எப்ப விழும்? பேட்ஸ்மேன் இறங்கி வந்து, பந்து கைக்கு எட்டும்னு நம்பி, எட்டாமப் போகும்போது. கண்ணாடி போட்ட பையன், 19 வயசு, தூக்கிப் போடுவான். பந்து கண்ணு உயரத்துக்கு மேல ஏறும். ஆள் ரெண்டு அடி வெளிய வருவார். அப்பத்தான் பந்து சட்டுனு கீழ இறங்கும், அவர் கணக்குப் போட்ட இடத்துக்கு ஒரு முழம் முன்னாடியே. திரும்பிப் பாக்கிறதுக்குள்ள மோரே பெயில்ஸைத் தட்டியிருப்பார். இதுல ஏமாத்தினது காத்துல, மண்ணுல இல்லை.

கரீபியன் கண்ணாடி:
அண்ணே, நேர்ல பாத்தவர்கிட்ட வாதாடுறது கஷ்டம். ஆனாலும் ஒரு கேள்வி. ஏன் எல்லாரும் இறங்கி வந்தாங்க? நின்னு ஆடினா பந்து எங்க போகும்னு தெரியாத பிட்ச். வேற வழி? அதுவும் பிட்ச் பண்ணின வேலைதான்.

தேர்டுமேன்:
வேற வழி இருந்தது, அவங்களுக்குத் தெரியலை. மேற்கிந்தியருக்கு லெக் ஸ்பின் எப்பவுமே கண்டம். 1986 ஃபைசலாபாத், 53-க்கு ஆல் அவுட், பாகிஸ்தான் லெக் ஸ்பின்னர் அப்துல் காதிர் 16 ரன்னுக்கு 6. அதுக்கு முன்னாடி 1985 புத்தாண்டு நேரத்துல சிட்னியில லெக் ஸ்பின்னர் பாப் ஹாலண்ட் 10 விக்கெட், ஆஸ்திரேலியாவுக்கு இன்னிங்ஸ் வெற்றி. உலகத்தையே அடிச்சு நொறுக்கின அணிக்கு அந்த ஒரு ஓட்டை இருந்தது. ஹிர்வானி அதைக் கண்டுபிடிச்சு நுழைஞ்சார்.

திண்ணைக்காரன்:
பட்டியலை ஏன் பாதியில நிறுத்திட்டீங்க? 1989 சிட்னியையும் சேருங்க. அதே அணிகிட்ட ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஆலன் பார்டர் 11 விக்கெட் எடுத்தார். 156 டெஸ்ட் ஆடி மொத்தமா 39 விக்கெட் எடுத்த மனுஷன்! திரும்புற தரை கிடைச்சா பார்டரே 11 எடுக்கிற அணிகிட்ட ஹிர்வானி 16 எடுத்ததுல என்ன அதிசயம்? நீங்க கொண்டு வந்த சாட்சி என் பக்கம்தான் பேசுது.

வரவுசெலவு:
இதுவரை படிச்சிட்டு மட்டும் இருந்தேன். பார்டர் விஷயத்துல திண்ணைக்காரருக்கு ஒரு மார்க். பிற்பாடு நடந்ததையும் பார்க்கணும். அடுத்து நியூசிலாந்துடன் 3 டெஸ்ட்ல 20 விக்கெட், ஆக முதல் 4 டெஸ்ட்ல 36. அதுவும் நம்ம ஊர்லதான். 1989-ல மேற்கிந்தியத் தீவுகளுக்கே போனோம், 3-0 தோல்வி, ஹிர்வானி எடுபடலை. கடைசியில 17 டெஸ்ட், 66 விக்கெட். 1972 லார்ட்ஸ்ல அறிமுக டெஸ்ட்டிலேயே 137-க்கு 16 எடுத்த ஆஸ்திரேலியாவோட பாப் மாஸி 6 டெஸ்ட்டோட முடிஞ்சார். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு ரன் வித்தியாசம்.

பட்டாபிராமன் கேட்:
பின்னாடி எடுபடலைங்கிறதுக்காக முன்னாடி எடுத்ததைப் பிடுங்குவீங்களா? 1990 ஓவல்ல அதே பையன் ஒரே முனையிலேர்ந்து இடைவிடாம 59 ஓவர் போட்டான். விக்கெட் வராட்டாலும் கையிலேர்ந்து பந்தை இறக்கலை. பிட்ச் புள்ளைன்னா அதைச் செய்வானா?

சேப்பாக்கத்தான்:
எல்லாரும் ஹிர்வானி ஹிர்வானிங்கிறீங்க. ரெண்டாவது இன்னிங்ஸ்ல நம்ம டபிள்யூ.வி.ராமன் அடிச்ச 83-ஐ யாரும் கண்டுக்கலையே? அவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட், அதுவும் சொந்த ஊர்ல. பிட்ச் அவ்வளவு மோசம்னா எங்காளு 83 எப்படி அடிச்சாரு?

கரீபியன் கண்ணாடி:
ராமன் அபாரம், மறுப்பில்லை. ஆனா அவர் எதிர்ல லெக் ஸ்பின்னர் கிடையாது. வால்ஷையும் பட்ஸையும் ஆடினார். அதே தரையில ஹிர்வானியை ஆடச் சொல்லியிருந்தா பேசலாம். இன்னொண்ணு, அந்தப் பயணத்துக்கு அவங்க வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல் வரலை. கார்னரும் ஹோல்டிங்கும் அதுக்கு முன்னாடியே ஓய்வு. முழு பலத்தோட வந்த அணி இல்லை அது.

தேர்டுமேன்:
மார்ஷல் வந்திருந்தா நம்ம 382 குறைஞ்சிருக்கும். அவங்க 184-ம் 160-ம் எப்படிக் கூடும்? ஹிர்வானியை மார்ஷலா வந்து ஆடப் போறார்? ரிச்சர்ட்ஸ், ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்சன், லோகி, டூஜான் எல்லாரும் இருந்தாங்க. முதல் இன்னிங்ஸ்ல ரிச்சர்ட்ஸ் 68 அடிச்சார், மத்தவங்க எங்க போனாங்க?
நம்ம பக்கமும் குறை இருந்தது. கேப்டன் வெங்சர்க்கார் கையில அடிபட்டு வெளிய. அதனாலதான் சாஸ்திரி தலைமை தாங்கினார். வாழ்நாள்ல ஒரே டெஸ்ட் கேப்டன்சி, அதுலயும் வெற்றி. மனுஷன் மைக் பிடிச்ச இத்தனை வருஷத்துல அதை அடிக்கடி ஞாபகப்படுத்தாம இருக்கிறதே ஆச்சரியம்.

திண்ணைக்காரன்:
சரி, என் கட்சியைத் திருத்திச் சொல்லவே மாட்டேன்னு நினைக்காதீங்க, கூர்மையாக்கிச் சொல்றேன். ஹிர்வானி நல்லா போட்டார். ஆனா 16-ங்கிற எண் அந்தத் தரையில மட்டும்தான் வரும். கல்கத்தா மாதிரி பிட்ச்ல அதே பந்துகளைப் போட்டிருந்தா 5, மிஞ்சினா 6.

தேர்டுமேன்:
அப்ப 1999 டில்லியில பாகிஸ்தானுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல கும்ப்ளே எடுத்த 10? அதையும் கிரவுண்ட்ஸ்மேன் கணக்குல எழுதிடலாமா?

திண்ணைக்காரன்:
அதுக்குத் தனியா ஒரு திரி போடுங்க, வர்றேன்.

பட்டாபிராமன் கேட்:
வாங்க வாங்க. அந்த மேட்ச்ல பாகிஸ்தான் ஓபனர்கள் முதல் விக்கெட்டுக்கு 101 அடிச்சாங்க. பிட்ச் கதையோட வந்தா அங்க வாசல்லயே மடக்கிடுவேன்.