அரோரா பாக்க கேபி எவ்வளவு வேணும்? அவசரம்!!

யீஷூன்காரன்: மக்களே அவசரம். அரோரா, அதான் ராத்திரி வானத்துல தெரியற அந்தக் கலர் வெளிச்சம், அதைப் பாக்க நார்வே ட்ரொம்சோ போறோம், நான் வீட்டுக்காரி ரெண்டு பசங்க. ஆப்ல எப்பப் பாத்தாலும் கேபி 2, 3தான் காட்டுது, வீடியோல 5 வேணும்ங்கறாங்க. இதை நம்பிப் போலாமா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள டெபாசிட் கட்டணும், கட்டினா திரும்ப வராது.

தேக்கா_அக்கா: எந்த மாசம் தம்பி? எத்தனை ராத்திரி?

கோப்பிஓ: கேபி கிடக்கட்டும், கேமரா என்ன? போன்னா குட்டி டிரைபாட் கட்டாயம், 10 செகண்ட் ஆடாம நிக்கணும். நான் போனப்ப கண்ணுக்கு வெறும் சாம்பல் மேகம், ஸ்கிரீன்லதான் பச்சை. குளிர்ல பேட்டரி பாதி இருக்கும்போதே பொசுக்குனு போயிடும், பனியனை ஒட்டி உள்பாக்கெட்ல வைங்க.

வானியல்_வாத்தியார்: கேபின்னா என்னன்னே தெரியாம டெபாசிட் கட்டக் கிளம்பிட்டாங்க. பூமியோட காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குங்கற கணக்கு அது, 0லேருந்து 9 வரைக்கும், 3 மணி நேரத்துக்கு ஒருக்கா. கூடினா துருவத்தைச் சுத்தி இருக்கற அரோரா வளையம் தெக்கே இறங்கும், அவ்வளவுதான். ட்ரொம்சோ வடக்கு அட்சரேகை 69 டிகிரில அந்த வளையத்துக்கு அடியிலயே இருக்கு, 2 தாராளம். நீங்க பாக்க வேண்டியது மேகத்தை. எத்தனை தடவதான் எழுதறது. அப்புறம் கோப்பிஓ, பலமா அடிச்சா வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், நீங்க தெருவிளக்குக்குக் கீழ நின்னிருப்பீங்க.

கோப்பிஓ: ஊருக்கு வெளிய 40 நிமிஷம் வேன்ல போய் நின்னேன் சார். நீங்க போயிருக்கீங்களா?

வானியல்_வாத்தியார்: போனாத்தான் தெரியணுமா? நிலாவுக்குப் போய்தான் கிரகணம் கணிக்கறாங்களா?

தேக்கா_அக்கா: ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்கப்பா. தம்பி, மாசம்??

யீஷூன்காரன்: ஜூன்தான் அக்கா, ஸ்கூல் லீவு, வேற எப்ப.

தேக்கா_அக்கா: ஐயோ கட்டாதீங்க!! ஜூன்ல அங்க ராத்திரியே கிடையாது. மே 20 வாக்குல ஏறின சூரியன் ஜூலை 20 தாண்டித்தான் மறையும், அரோரா மேல இருந்தாலும் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. வருஷக் கடைசி லீவுல போங்க, நவம்பர் கடைசிலேருந்து அங்க சூரியனே எழும்பாது. கையில நாலஞ்சு ராத்திரியாவது வெச்சுக்குங்க, ஒரு நாள் மேகம் மூடினாலும் இன்னொரு நாள் கிடைக்கும்.

கோப்பிஓ: ஜூன்லதான் போவேன்னா தெக்கே போங்க, தென் துருவப் பக்கமும் அரோரா உண்டு, ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியால அப்ப குளிர்காலம், ராத்திரி நீளம்.

வானியல்_வாத்தியார்: டாஸ்மேனியா தலைநகர் ஹோபார்ட் தெக்கு அட்சரேகை 43 டிகிரிதான். அங்க கேபி 2 வெச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது, அங்கதான் 5, 6 கேக்கணும், அதுவும் தெக்கு அடிவானத்துல ஒட்டினாப்ல. இதைத்தான் முதல்லயே சொன்னேன்.

கோப்பிஓ: மாசத்தை நீங்க எங்க கேட்டீங்க?

யீஷூன்காரன்: கட்டல அக்கா. இப்பத்தான் பேப்பரை எடுத்துப் பாத்தேன், 'மிட்நைட் சன்'னு பெருசாவே போட்டிருக்கு, நான் ஹோட்டல் பேர்னு நெனச்சுட்டேன். டிசம்பர் பாக்கறோம். நன்றி.

தேக்கா_அக்கா: நல்லது. வீட்டுக்காரி எந்த பாஸ்போர்ட்? இந்தியாவா இருந்தா சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) வெச்சிருந்தாலும் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா எடுக்கணும், அதைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

தேக்கா_அக்கா: தம்பி?