பதின்வயதுப் பிள்ளைகளுக்கு "சாட்சி சொல்ல" எப்படிப் பழக்குவது?

கேள்வி: வாலிபர் வகுப்பு ஆசிரியை, திருநெல்வேலி

எங்கள் வகுப்பில் 9 முதல் 12 வரை படிக்கிற 14 பிள்ளைகள். தங்கள் நம்பிக்கையைப் பிறரிடம் எடுத்துச் சொல்ல (அதைத்தான் சாட்சி என்கிறோம்) அவர்களைப் பழக்க, ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம், ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9 என்ற பைபிள் வசனங்களை எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து பெஞ்சுத் தோழி "நீங்க ஏன் பொட்டு வைக்கிறதில்ல?" என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. திறக்கிற இரண்டு பேர் பிரசங்கம் பண்ணி, சண்டையில் முடிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்? விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வைத்திருந்த வார்த்தையில்லாப் புத்தகம், அதாவது எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களால் நற்செய்தி சொல்கிற புத்தகம், இந்த வயதுக்குச் சரிப்படுமா?

பதில் 1: ஞாயிறுபள்ளிப் பாடம் எழுதுபவர், மதுரை

சிஸ்டர், பிள்ளைகளுக்கு வசனம் தெரிகிறது. இடறுவது தமிழ். சபைக்குள் வளர்ந்த பிள்ளைக்குச் சபைத் தமிழ் ஒன்று, பள்ளிக்கூடத் தமிழ் ஒன்று. முதலாவதை இரண்டாவது இடத்தில் பேசினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். "நான் மறுபடியும் பிறந்தேன்" என்றால் இந்து நண்பன் காதில் விழுவது மறுபிறவி. "பரிசுத்த ஆவி" என்றால் பேய்ப்படம். "விசுவாசம்" நாய்க்கு முதலாளியிடம் இருப்பது. "நீ பாவி" என்பது திட்டு, "பாவம்" என்பது பரிதாபம். "சாட்சி" கோர்ட்டில் சொல்வது. நாம் இதற்கெல்லாம் ஆதாரமாகக் காட்டுகிற 1 பேதுரு 3:15-லேயே "உத்தரவு சொல்ல" என்று இருக்கிறது. அங்கே அதற்குப் பதில் என்று பொருள்; இன்றைய பிள்ளைக்கு அது ஆணை.

முதல் வாரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள். 14 சபைச் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, இருவர் இருவராக ஏழு ஜோடிக்கு இரண்டு சொல் வீதம் கொடுக்கலாம். 15 நிமிடத்தில் ஒவ்வொன்றையும் பேச்சுத் தமிழில் ஒரே வாக்கியமாக மாற்ற வேண்டும். எல்லாரும் செய்கிற தவறு, ஒரு சபைச் சொல்லை இன்னொரு சபைச் சொல்லால் விளக்குவது: "கிருபைன்னா தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு." அதை ஏற்காதீர்கள். "அப்படி ஒண்ணு உன் கிளாஸ்ல நடந்தா எப்படி இருக்கும், சொல்லு" என்று கேளுங்கள். அங்கேதான் பாதிப் பேருக்கு, தனக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று தெரியவரும்.

வார்த்தையில்லாப் புத்தகம் இந்த வயதுக்கு வேண்டாம். 1866-இல் லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கத்தில் காட்டியபோது கறுப்பு, சிவப்பு, வெள்ளை மட்டும்தான். பொன்னிறமும் பச்சையும் பிறகு சேர்ந்தவை. சிறுபிள்ளைகளுக்கு அது நல்ல கருவி. பத்தாம் வகுப்புப் பையன் அதை நண்பன் முன்னால் விரிக்கக் கூச்சப்படுவான். தோல் நிறத்தை வைத்துக் கேலி நடக்கிற வகுப்பறையில் "கறுப்பு என்றால் பாவம்" என்று தொடங்குவதும் நன்றாக இல்லை.

பதில் 2: வாலிபர் ஊழியப் பயிற்சியாளர், நாகர்கோவில்

அண்ணன் சொன்ன சொற்பயிற்சிக்குப் பிறகு, இரண்டாம் வாரம் அவரவர் சாட்சியை எழுத வையுங்கள். அப்போஸ்தலர் 26-இல் பவுல் அகிரிப்பா ராஜாவிடம் பேசுவது மூன்று பகுதி: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, அதன்பிறகு என்ன. இதையே எல்லா இடத்திலும் அச்சாக வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த "முன்பு" கிடையாது. இல்லாததைக் கேட்டால் மிகைப்படுத்துவான், சின்னப் பொய்யைப் பெரும் பாவமாக்குவான். கூடப் படிக்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். அவர்களுக்கு 2 தீமோத்தேயு 1:5-ஐக் காட்டுங்கள். தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் வழி வந்தது. அவர்கள் எழுத வேண்டியது வேறு: எனக்கு இருந்த ஒரு பயம் அல்லது ஒரு முடிவு, அதில் இயேசுவை நம்பியது எந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. நோட்டில் அரைப் பக்கம், வாசித்தால் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் பிரசங்கக் குரல் வந்துவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூவர் குழு: ஒருவர் பேச, ஒருவர் நண்பராக இருக்க, ஒருவர் கவனிக்க. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். உங்கள் 14-இல் இரண்டு பேர் மிஞ்சுவார்கள், இரண்டு குழுவில் நால்வராகச் சேர்த்துவிடுங்கள். கவனிப்பவர் எண்ண வேண்டியது: பேசுபவர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை சபைச் சொல் வந்தது, நண்பர் எவ்வளவு நேரம் பேசினார். கேள்வி ஒன்றுமே இல்லை என்றால் அது பிரசங்கம். சண்டை பிடிக்கிற அந்த இரண்டு பேரையும் முதலில் நண்பர் வேடத்தில் உட்கார வையுங்கள்.

நண்பர் கேட்க வேண்டியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பொட்டுக் கேள்விக்கு நேர்மையான பதில் சின்னது: "பைபிள்ல அதைப் பத்தி வசனம் இல்ல, எங்க வீட்டு வழக்கம்." பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்பதற்கு, படைத்த உணவைப் பற்றிய 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வகுப்பில் பேசிவிடுங்கள், நண்பனிடம் "தேங்க்ஸ்டா, நான் சாப்பிடுறதில்ல, தப்பா நினைக்காத" போதும். "உங்க ஆளுங்ககிட்டயும் சாதி இருக்கே?" என்பதை மறுக்கவே கூடாது. "ஆமா இருக்கு, அது தப்பு" என்று ஒப்புக்கொள்ளத் தெரியாதவன் அடுத்துச் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். நண்பர்களின் சாமியைத் தாழ்த்திப் பேசினால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். எபேசுவில் அவ்வளவு கலவரத்துக்கு நடுவிலும், இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று நகரத்து அதிகாரியே சொல்லும்படிதான் பவுலின் கூட்டாளிகள் நடந்திருந்தார்கள் (அப்போஸ்தலர் 19:37).

பதில் 3: வழக்கறிஞர், சபைக் கமிட்டி உறுப்பினர், சென்னை

ஒரு வாரத்தில் இருபது நிமிடமாவது எல்லைகளுக்கு ஒதுக்குங்கள். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டுத்தான். அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நம்பிக்கையைச் சொல்வது வேறு, மாறு என்று நெருக்குவது வேறு என்று பிள்ளைக்குப் புரிந்தால் போதும்.

பரிசு, பணம், "ஜெபம் பண்ணினா பாஸ் ஆயிடுவ" என்ற வாக்கு, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தல் எதுவும் கூடாது. பள்ளி வளாகத்தில் கைப்பிரதி வேண்டாம். வெளி மாநில முகாமுக்குப் போகிறீர்கள் என்றால் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். ஒடிசாவில் 1967-இலிருந்தே கட்டாய மதமாற்றத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் உண்டு.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. இன்னொன்று: தோழியே "நானும் சர்ச்சுக்கு வரட்டா?" என்றால்?

பதில் 3:

"உங்க அம்மாகிட்ட கேட்டுட்டு வா" என்பதே பதில். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் வரக் கூடாது. வீட்டில் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு, நட்பைத் தொடரச் சொல்லுங்கள்.

பதில் 2:

இதோடு சேர்த்து ஒன்று. மனம்விட்டுப் பேசுகிற நண்பன் வீட்டில் அடி வாங்குவதையோ, சாக நினைப்பதையோ சொல்லிவிடலாம். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஜெபித்துவிட்டு நகரவும் கூடாது. அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு 14416. பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் இரண்டையும் அச்சடித்துவிடுங்கள்.