புதுப்பிப்பு: கிட் வரிமுடிவுச் சிக்கல் தீர்ந்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) இருக்கும் எங்கள் தமிழ்ச் சொல்திருத்தித் திட்டத்துக்குக் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் மூன்று சொற்களைத் திருத்தி அனுப்பினால், கோப்பின் 1,140 வரிகளும் மாறியதாகக் காட்டுகிறதே, ஏன் என்று.

"அண்ணா, நான் மூணு வரிதானுங்க தொட்டேன்" என்று அவர் சொன்னது முழு உண்மை. அவருடையது விண்டோஸ், எடிட்டர் ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர்எல்எஃப் (CRLF) என்ற இரட்டை வரிமுடிவுக் குறியை வைத்துவிட்டது. பொள்ளாச்சியில் என் லினக்ஸில் எல்எஃப் (LF) என்ற ஒற்றைக் குறி மட்டும். அதனால்தான் எல்லா வரியும் மாறியதாகக் கிட் காட்டியது. டிஃப் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் கட்டளை) போட்டால், புதிய வரிகளைக் காட்டும் பச்சை வரிகளின் கடைசியில் தொப்பிக் குறியோடு ஓர் எம் (^M) நிற்கும். நான்தான் கவனிக்காமல் அவரைச் சந்தேகப்பட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆளாளுக்கு ஆட்டோசிஆர்எல்எஃப் (வரிமுடிவைத் தானே மாற்றும் கிட் அமைப்பு) அமைக்கட்டும் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ஒருவருடைய கான்ஃபிக் (அவர் கணினியின் கிட் அமைப்பு), மற்றவர் திட்டத்தை நகலெடுக்கும் க்ளோனோடு வராது. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கிட்அட்ரிபியூட்ஸ் (.gitattributes) என்ற அமைப்புக் கோப்போ ரெப்போவோடே, அதாவது திட்டக் களஞ்சியத்தோடே போகும். அதில் ஒரே வரி: எல்லாக் கோப்புக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ, இஓஎல் எல்எஃப். அதாவது எது உரைக் கோப்பு என்று கிட்டே கண்டுகொண்டு, வரிமுடிவை எல்எஃப் ஆக வைக்கும். சிஆர்எல்எஃப்போடு ஏற்கெனவே இணைத்துவிட்ட நான்கு கோப்புகளை, ஆட் கட்டளையில் வரிமுடிவைச் சீராக்கும் ரீநார்மலைஸ் மூலம் (கிட் 2.16 முதல் உண்டு) தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) சரிசெய்தேன்.

ஆனால் அந்த கமிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேமில் அந்தக் கோப்புகளின் எல்லா வரியும் என் பெயருக்கு வந்துவிட்டது. சொல் சேர்த்தவர்களின் உழைப்பு அது. 2019இல் வந்த கிட் 2.23 முதல், பிளேம் ஒதுக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். வைத்துவிட்டேன். அதைப் படிக்கச் சொல்லும் அமைப்பை மட்டும் அவரவர் கணினியில் ஒருமுறை போட வேண்டும். கட்டளை ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) இருக்கிறது.

நேற்றுத் தம்பி அனுப்பிய திருத்தம்: மூன்று வரி.