கவ்வுகூம்பு, விடுகூம்பு: சிறு மில்லிங் இயந்திரத்தின் ஸ்பிண்டிலுக்கு இரண்டு சொற்கள்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் வரைவைப் பற்றி எழுதுகிறேன். ஸ்பிண்டில் என்பது கருவியைச் சுழற்றும் தண்டு; அதன் வாயில் கருவி உட்காரும் சரிந்த பகுதியான டேப்பருக்குக் 'கூம்பு' போதும். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. அதன் இரு வகைகளுக்கு வரைவில் உள்ள 'தற்பிடிப்புக் கூம்பு', 'தன்விடுவிப்புக் கூம்பு' இரண்டையும் மாற்றச் சொல்கிறேன். நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, 'தானே' என்ற பொருள் ஆளைத் தவறாக வழிநடத்துவது. தானே பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, எம்டி3 (மோர்ஸ் டேப்பர் எண் 3) கூம்பில் டிரா பார் (கூம்பை மேலிருந்து இழுத்து இறுக்கும் நீள் தண்டு) போடாமல் எண்ட் மில் என்ற கட்டரை மாட்டுவார்கள். ட்ரில் போடும்போது விசை கூம்பை மேலே அழுத்துவதால் தாங்கும். மில்லிங்கில் பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர, கட்டரின் திருகுவரி அதைக் கீழே இழுக்க, கழன்று வேலைப்பொருள் மீதே விழும். மறுபுறம், தன்விடுவிப்பு வகையான ஆர்8 கூம்பு 'தானே' வெளிவருவதும் இல்லை. டிரா பாரைத் தளர்த்தியபின் லேசாக ஒரு தட்டு வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: கவ்வுகூம்பு, விடுகூம்பு.

எம்டி3-இன் சரிவு ஏறத்தாழ 1:20. பாதிக்கோணத்தின் டேன்ஜெண்ட் 0.025. எண்ணெய் படிந்த எஃகின் உராய்வுக் கெழுவை 0.1 என்று வைத்தாலும் அது நான்கு மடங்கு. ஆகவே கவ்வுகிறது. ஆர்8-இன் முழுக்கோணம் 16 டிகிரி 51 நிமிடம், அதே வகையைச் சேர்ந்த ஐஎஸ்ஓ 30 கூம்பின் சரிவு 7/24. இரண்டிலும் அதே டேன்ஜெண்ட் 0.15-ஐ ஒட்டி வருகிறது. உராய்வு அங்கே தோற்கும், அல்லது சரிக்குச் சரி நிற்கும். அதனால் விட்டுவிடுகிறது.

---

> கவ்வுகூம்பு, விடுகூம்பு

எனக்குச் சம்மதம். பட்டறையில் 'டேப்பர் பிடிச்சுக்கிச்சு' என்பதற்கும் இது பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் வினைத்தொகை, 'கவ்வுக்கூம்பு' என்று ஒற்று மிகுத்துவிட வேண்டாம். (விடுகூம்பு என்றதும் விடுகதை நினைவுக்கு வருகிறது. வரட்டும்.)

ஆனால் பட்டியலின் பதிவில் கலைச்சொல்லும் விளக்கமும் மட்டும் இருந்தால் இயந்திரம் வாங்குகிறவருக்குப் பயனில்லை. சீக் எக்ஸ்2 என்ற சிறு மில்லிங் இயந்திரம் எம்டி3, ஆர்8 என இரு வகையிலும் விற்கப்பட்டிருக்கிறது; எதை எடுப்பது என்று கேட்டுத்தான் வருவார்கள்.

அடிக்கடி கருவி மாற்றுபவர் ஆர்8 எடுக்கட்டும். எம்டி3-ஐ விடுவிக்க டிரா பாரை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, பித்தளைச் சுத்தியால் தலையில் அடிக்க வேண்டும். அந்த அடி முழுக்க ஸ்பிண்டில் பேரிங் வழியாகப் போகிறது. நாளடைவில் பந்துகள் ஓடுதடத்தில் குழி பதிக்கும். டிரா பாரைக் கடைசி மரைவரை கழற்றிவிட்டு அடித்தால் மரையே போய்விடும். இன்னொன்று: ஓடிச் சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த ஆர்பரை (கட்டரைத் தாங்கும் தண்டு) இறுக்கிவிட்டு அப்படியே போனால், ஸ்பிண்டில் ஆறிச் சுருங்கி ஆர்பரை நெரித்துப் பிடிக்கும். வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும் என்பதைப் பதிவிலேயே சேர்க்கலாம்.

எம்டி3-க்கும் ஓர் இடம் உண்டு. மினி லேத்தின் ஹெட்ஸ்டாக்கும் (சுழலும் தலைப்பகுதி) பெரும்பாலும் எம்டி3 என்பதால் காலெட்டுகள் (கட்டரைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்கள்) இரண்டுக்கும் பொது. இஆர் வகைக் காலெட்டுகளைப் பிடிக்கும் ஒரு சக்கை நிரந்தரமாக மாட்டிவிட்டு, கட்டரை மட்டும் மாற்றினால் சுத்திக்கே வேலையில்லை. அதற்கு ஈடாக உயரத்தை இழக்க வேண்டும்: சக் தொங்கும் அளவுக்கு மேசைக்கும் கட்டருக்கும் இடையே இடம் குறையும். எக்ஸ்2-வில் அது தாராளமாக இல்லை.

ஐஎஸ்ஓ 30 இந்த அளவு இயந்திரத்துக்குப் பெரிது. வாய் விட்டமே 31.75 மி.மீ.; அதைச் சுற்றி ஸ்பிண்டிலும் பேரிங்கும் தடிக்க வேண்டும்.

---

ஒரு சேர்க்கை. ஆர்8-இல் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் சிறு ஊசியை 'இயக்கு ஊசி' என்று வரைவு சொல்கிறது. டிரா பாரை இறுக்கும்போது காலெட் கூடவே சுற்றாமல் தடுப்பதுதான் அதன் வேலை. முறுக்குவிசையைக் கடத்துவது இழுத்துப் பிடித்த கூம்பு. ஊசியை நம்பித் தளர்வாக இறுக்கினால் அது நறுக்கென்று வெட்டுப்படும். 'தடுப்பூசி' என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுவோம். 'சுழல்தடை முளை' என்று வைக்கலாம்.

டிரா பாருக்கு 'இழுதண்டு'. பதிவில் மரையையும் குறிக்கவும்: ஆர்8-க்கு வழக்கமானது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. எம்12 மரையுள்ள ஆர்8 காலெட்டுகளும் கடைகளில் உண்டு. 7/16 என்பது 11.1 மி.மீ.தான், எம்12 தண்டு அதற்குள் நுழையாது.

காலெட்டுக்குக் 'கவ்வி' வேண்டாம். கவ்வுகூம்போடு குழம்பும், க்ளாம்ப்புக்கும் அதையே சொல்கிறார்கள். காலெட் என்றே விட்டுவிடலாம்.